மைலேஜ் குறைய பத்துக் காரணங்கள்: ஒரு மறுவாசிப்பு

"பழைய கார், மைலேஜ் தரலை, பிக்கப்பும் இல்லை" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு பட்டியல் வரும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர், இன்ஜெக்டர், ஆக்ஸிஜன் சென்சார், டயர் காற்று, எஞ்சின் ஆயில், ஏசி, பெட்ரோலில் கலப்பு, கடைசியாக "ஓட்டுற விதம்". பத்திரிகைகளின் வாகனப் பக்கம், யூடியூப், ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டிய அட்டை, எங்கே பார்த்தாலும் ஏறத்தாழ இதே பத்துதான். வரிசை மட்டும் மாறும்.

கடந்த ஒரு வருடமாக நான் இந்தப் பட்டியலோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதில் உள்ள பத்தில் எதுவுமே பொய் இல்லை. ஆனாலும் அது எங்களுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் செலவு வைத்தது. அப்பாவை மூன்று வாரம் பஸ்ஸில் போக வைத்தது. பொய் இல்லாத ஒரு பட்டியல் இவ்வளவு தப்பாக வழி காட்டுவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் வண்டி. 2004 மாடல், 1.1 லிட்டர், நாலு சிலிண்டர், பெட்ரோல், எம்பிஎஃப்ஐ. கம்பெனி பெயர் வேண்டாம், இதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. பொள்ளாச்சியில் அப்பா ஓட்டுகிறார். அவருக்கு வயது 74. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மாதம் சுமார் 400 கிலோமீட்டர்: மார்க்கெட், கோயில், உடுமலையில் இருக்கும் அத்தை வீடு. ஒரு காலத்தில் லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி போன வருடம் 11-க்குக் கீழே வந்துவிட்டது. போன கோடையில் நாலு பேர் ஏறிக்கொண்டு ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறினோம். கவியருவி வருவதற்குள்ளேயே செகண்ட் கியரில் திணற ஆரம்பித்தது. பின்னால் வந்த அரசு பஸ் ஹாரன் அடித்தே எங்களை ஓரம் கட்ட வைத்தது. நாற்பது கொண்டை ஊசியும் பாக்கி இருக்க, திரும்பி வந்துவிட்டோம்.

பிறகு நாலு ஒர்க்‌ஷாப். முதல் இடத்தில் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர். இரண்டாவது இடத்தில் இன்ஜெக்டர் கிளீனிங், டாங்கில் ஊற்ற ஒரு டப்பா மருந்து. மூன்றாவது இடத்தில் ஆக்ஸிஜன் சென்சார். நான்காவது இடத்தில் வீல் அலைன்மென்ட். "இடது பக்கம் இழுக்குது" என்று அப்பா சொன்னார், அதனால் அது. ஒவ்வொரு முறையும் வண்டியை எடுக்கும்போது "இப்ப நல்லாருக்கும் பாருங்க" என்றார்கள். அடுத்த டாங்க் கணக்கு போட்டால் அதே 10.8.

நான்கு இடத்திலும் பட்டியலின் கடைசி உருப்படியைச் சொல்லத் தவறவில்லை. "பெரியவர் கிளட்ச்சுல கால வெச்சே ஓட்டுறார் போலிருக்குங்க சார். வயசாச்சு பாருங்க." அப்பாவுக்குக் கேட்காத தூரத்தில், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கறையோடு. ஃபோனில் நானே ஒருநாள் அவரிடம், "நீங்க கிளட்ச்ச மிதிச்சுட்டே ஓட்டுறீங்களோ என்னமோப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் வண்டியை எடுக்கவில்லை. உடுமலைக்குப் பஸ்ஸில் போய் வந்தார் என்பது அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்தப் பட்டியல் மேல் எனக்கு இருக்கும் முதல் புகார், அதில் அளவு இல்லை. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதிகபட்சம் இவ்வளவு மைலேஜைத்தான் அது தின்ன முடியும். 15.4-லிருந்து 10.8 என்றால் 30 சதவீத இழப்பு. 3 சதவீதம் தின்னக்கூடிய ஒன்றை முப்பதுக்குக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் பட்டியலில் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே புள்ளி வைத்து நிற்கின்றன.

டயர் காற்றை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் தரும் கணக்குப்படி, நாலு டயரின் சராசரிக் காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். பத்து பிஎஸ்ஐ குறைந்து டயர் கண்ணுக்கே சப்பையாகத் தெரிந்தால்கூட 2 சதவீதம். காற்றைப் பாருங்கள், டயருக்கு நல்லது. முப்பதுக்கு அது பதில் ஆகாது.

ஏர் ஃபில்டர் இன்னும் சுவாரஸ்யம். பட்டியலில் பெரும்பாலும் முதலிடம் அதற்குத்தான். "அடைச்ச ஃபில்டர் பத்து சதவீதம் மைலேஜைக் குறைக்கும்" என்ற வாக்கியம் பல ஆண்டுகளாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வருவது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதை நேரடியாகச் சோதித்தது. எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டிகளில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டினார்கள். மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வேகம் பிடிப்பது மட்டும் மந்தமானது. பழைய கார்புரேட்டர் வண்டி ஒன்றையும் சோதித்தார்கள். அதில் மைலேஜ் குறைந்தது உண்மை. ஆனால் 10, 15 சதவீதம் குறைய வேண்டும் என்றால் வண்டியை ஓட்டவே முடியாத அளவுக்கு அடைக்க வேண்டியிருந்தது.

காரணத்தை யோசித்தால் புரியும். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் என்பதே காற்றை அடைக்கும் தட்டுதான். ஃபில்டர் கொஞ்சம் அடைத்தால், அதே வேகத்துக்கு நாம் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிக்கிறோம், தட்டு இன்னும் கொஞ்சம் திறக்கிறது. உள்ளே போகும் காற்று அதேதான். சென்சார் அந்தக் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் விடுகிறது. ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்து 14.7-க்கு 1 என்ற விகிதத்தில் பிடித்து வைக்கிறது. முழுக்க மிதிக்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். கார்புரேட்டர் காலத்தில் பிறந்த புத்திமதி, கார்புரேட்டர் போன பிறகும் முகவரி மாற்றாமல் அதே வீட்டில் குடியிருக்கிறது.

இப்போது எல்லோரும் கைகாட்டுவது ஈ20 பெட்ரோலை. இதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் அளவோடு. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இருபது சதவீதம் கலந்தால் ஆறேழு சதவீதம் குறையும் என்று கணக்கு போட்டுக்கொள்ளலாம். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றுதான் சொல்கிறது. பழைய வண்டிக்காரனுக்கு இது நியாயமான கோபம். ரப்பர் பாகங்கள் பற்றிய கவலை தனி. ஆனால் மூன்றில் ஒரு பங்கு மைலேஜ் போனதற்கு ஈ20 மட்டுமே காரணம் என்று சொல்பவர், தன் வண்டியில் இருக்கும் வேறு ஏதோ ஒரு கோளாறைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

ஆக்ஸிஜன் சென்சார் மட்டும் நிஜமான பெரிய மீன். அதே அமெரிக்கத் தளம், பழுதான ஆக்ஸிஜன் சென்சார் போன்ற தீவிரக் கோளாறைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட உயரலாம் என்கிறது. அந்த "வரைகூட" என்ற சொல்தான் நம் ஊருக்கு வரும் வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது சென்சார் ஒயரில் மல்டிமீட்டர் வைத்தால், வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சந்தேகப்படலாம். பத்து நிமிட வேலை. எங்கள் வண்டிக்கு அதைச் செய்யவில்லை, நேராக மாற்றிவிட்டார்கள். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பின்னால் ஒருநாள் அதையே திரும்ப மாட்டிப் பார்த்தேன், நன்றாகவே ஆடுகிறது.

இதில் மெக்கானிக்கை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை. பில்லைப் பாருங்கள். பாகம் இவ்வளவு, லேபர் இவ்வளவு. "யோசித்ததற்கு" என்று ஒரு வரி கிடையாது. அரைமணி நேரம் மல்டிமீட்டரோடு நின்று "சென்சார் நல்லாருக்குங்க" என்று சொன்னால் அவருக்கு யார் காசு கொடுப்பார்கள்? நானே கொடுத்திருப்பேனா என்பது சந்தேகம். சோதனைக்குக் காசு கொடுக்காத ஊரில் பாகங்கள்தான் சோதனைக்கருவி.

சாஃப்ட்வேர்காரன் என்பதால் எனக்கு வேறொரு மூடநம்பிக்கை இருந்தது. எண்ணூறு ரூபாய்க்கு ஒரு புளூடூத் ஓபிடி கருவி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். வண்டியே சொல்லிவிடும் என்று நினைப்பு. கனெக்ட் ஆகவே இல்லை. அமெரிக்காவில் 1996-லிருந்து ஓபிடி 2 கட்டாயம். இங்கே பிஎஸ் 4 காலத்தில்தான் கட்டாயம் ஆனது. 2004 வண்டிக்கு என் ஃபோன் பேசும் பாஷை தெரியாது. அப்பா ஒன்றும் சொல்லாமல் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

தெரிந்திருந்தாலும் அது உதவியிருக்காது என்பது பிறகு புரிந்தது. கோட் என்பது புகார் எங்கே பதிவானது என்பதைச் சொல்கிறது, தப்பு எங்கே நடந்தது என்பதை இல்லை. பி0171 என்று வந்தால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். எங்கோ ஒரு ரப்பர் குழாயில் விரிசல் விழுந்து காற்று நுழையலாம். ஆனால் அதைக் கண்டு சொன்னது ஆக்ஸிஜன் சென்சார் என்பதால் ஆக்ஸிஜன் சென்சாரையே மாற்றுகிறவர்கள் நிறைய. தந்தி கொண்டுவந்தவனை அடிக்கிற கதை.

சரி, இரண்டாவது புகார். பட்டியலுக்குக் காலம் தெரியாது. "ஓட்டுற விதம்" மைலேஜைப் பாதிக்குமா? கண்டிப்பாக. வேகமாக முடுக்கி, சடாரென்று பிரேக் அடித்து ஓட்டுபவருக்கு டவுனில் 10 முதல் 40 சதவீதம் வரை இழப்பு என்று அதே தளம் சொல்கிறது. ஆனால் எங்கள் கேள்வி "ஏன் குறைவாக இருக்கிறது" என்பது இல்லை, "ஏன் குறைந்தது" என்பது. இருபது வருடமாக ஒரே ஆள், ஒரே சாலை, ஒரே கால். மாறாத ஒன்று மாற்றத்துக்குக் காரணமாக முடியாது. அவர் ஓட்டும் விதமே மாறியிருந்தால்? அதை ஃபோனில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து உடுமலை வரை போய் வந்தேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போனதும் இடது கால் தரையில். அறுபதைத் தாண்டவில்லை. என்னைவிட நன்றாகவே ஓட்டினார், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்தப் பயணத்தில்தான் அப்பா அந்த நோட்டைப் பற்றிச் சொன்னார். டேஷ்போர்டு பெட்டிக்குள் நீளமான கணக்கு நோட்டு. 2004-ல் வண்டி வாங்கிய வாரத்திலிருந்து ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். ஓரத்தில் பென்சிலில் சிறு குறிப்பு: "பேட்டரி மாற்றம்", "வைப்பர்", "ரேடியேட்டர் ஒழுகல் சரி செய்தது". இரண்டு வருடமாக நாலு ஒர்க்‌ஷாப்பில் இந்த நோட்டு வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. "யாரும் கேக்கலையேடா" என்றார். நானும் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் கிட் பைசெக்ட் என்று ஒன்று உண்டு. போன மாதம் ஓடிய புரோகிராம் இன்று ஓடவில்லை என்றால், நடுவில் நடந்த ஆயிரம் மாற்றங்களையும் படிக்க மாட்டோம். சரியாக ஓடிய கடைசி நாளையும் கெட்ட முதல் நாளையும் பிடித்து, பாதி பாதியாக நெருக்கிக்கொண்டு போனால் எந்த மாற்றத்தில் உடைந்தது என்று தெரிந்துவிடும். காரணப் பட்டியலே தேவைப்படாது. இரவு உட்கார்ந்து நோட்டை எக்செல்லில் ஏற்றினேன். தனித்தனி டாங்க் கணக்கை நம்பக்கூடாது. பங்க்கில் நாசில் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், முப்பது லிட்டரில் ஒரு லிட்டர் வித்தியாசம் வந்தாலே 3 சதவீதம். அதனால் ஐந்து ஐந்து டாங்க்காகச் சேர்த்து சராசரி எடுத்தேன்.

மைலேஜ் மெல்ல மெல்லக் குறைந்தது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வயதானால் அப்படித்தான் என்று. வரைபடத்தில் சரிவே இல்லை, படிக்கட்டு இருந்தது. 2020 வரை 15.4 சுற்றி, பதினாறு வருடமாகக் கிட்டத்தட்ட நேர்கோடு. 2021 மார்ச்சில் ஒரே தாவலில் 13.8. அப்படியே இரண்டரை வருடம். 2024 தொடக்கத்தில் இன்னொரு தாவல், 11.4. அதன் பிறகு 2025-ல் மெதுவாக 10.8. எஞ்சின் தேய்மானம் படி போட்டு இறங்காது.

முதல் படிக்குப் பக்கத்தில் பென்சில் குறிப்பு: ரேடியேட்டர் ஒழுகல். அப்பாவிடம் அன்று என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "ரேடியேட்டர் பத்த வெச்சாங்க. அதோட உள்ள ஒரு வால்வு இருக்குது, நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குங்கய்யா, எடுத்துட்டா வண்டி கூலா ஓடும்னு சொல்லி எடுத்துட்டாங்க. அப்புறம் முள்ளு மேல ஏறவே இல்ல, கீழயே கெடக்குது" என்றார் திருப்தியோடு.

அந்த வால்வுதான் தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு அடைத்த சின்ன உருளை, சுமார் 82 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வழி திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், எஞ்சின் சீக்கிரம் சூடாகும். அதைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே ஓடி, எஞ்சின் தேவையான சூட்டை எட்டவே எட்டாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கன்ட்ரோல் யூனிட் கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். பழைய கார்புரேட்டர்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், சோக்கை இழுத்துவிட்டு மறந்து ஓட்டுவது மாதிரி. மூன்று கிலோமீட்டர் கோயிலுக்குப் போய் அணைத்து, மூன்று கிலோமீட்டர் திரும்பி வரும் அப்பாவின் வண்டி நாலு வருடமாக ஒருநாள்கூட முழுதாகச் சூடானதில்லை.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குவது நம் ஊரில் அவ்வளவு சாதாரணம். முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அந்த மெக்கானிக்கின் இடத்தில் நின்று பார்த்தால் அது புத்திசாலித்தனம். தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கட் போய், வண்டிக்காரர் நேராக இவர் கடை வாசலில் வந்து நிற்பார். தெர்மோஸ்டாட்டே இல்லாவிட்டால் போகிற பெட்ரோல் சத்தம் போடாமல் போகும். அதற்காக யாரும் வந்து சண்டை பிடிப்பதில்லை. பட்டியல் எழுதுபவர்களாவது இதைச் சேர்த்திருக்கலாம். நான் பார்த்த தமிழ்ப் பட்டியல் ஒன்றில்கூட இது இல்லை. குளிர்ந்த நாட்டில் எழுதப்பட்ட பட்டியலில் "தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியது" என்று இருக்கும். இங்கே மொழிபெயர்க்கும்போது, நம்ம ஊர்லதான் குளிரே இல்லையே என்று வெட்டிவிடுகிறார்கள் போல. நாம் சிக்கியதைத் தேட வேண்டாம், இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது படி, 2024. குறிப்பு: "நான்கு மாதம் ஓடவில்லை. டயர் நான்கும் மாற்றம்." அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக அந்த நாலு மாதம் சென்னையில் எங்களோடு இருந்தார்கள், வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம். இது பைசெக்ட் செய்பவனுக்குத் தலைவலி. டயரை முதலில் பார்த்தேன். 155/70 ஆர்13 இருந்த இடத்தில் 165/70 ஆர்13 போட்டிருக்கிறார்கள். விட்டம் இரண்டரை சதவீதம் அதிகம். வண்டி நிஜமாக ஓடும் தூரத்தைவிட ஓடோமீட்டர் குறைவாகக் காட்டும். ஆக இரண்டரை சதவீதம் நிஜ இழப்பே இல்லை, காகித இழப்பு. மீதி 15 சதவீதம் எங்கே?

இங்கேதான் மூன்றாவது புகார், எனக்கு முக்கியமானதும் அதுதான். பட்டியல் முழுக்க எஞ்சினையே சுற்றி வருகிறது. பிக்கப் இல்லை என்றால் எஞ்சின் பலவீனம் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் தொடங்குகிறது. வண்டி போகாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: இழுப்பவனுக்குத் தெம்பு இல்லை, அல்லது இழுக்கும் சுமை அதிகம். மாட்டு வண்டிக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். மாடு திணறினால் அவர் முதலில் சக்கரத்தைப் பார்ப்பார். நாம் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தோம்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். காலை ஐந்தரை மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் 40 வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு எவ்வளவு தூரம் உருள்கிறது என்று பார்த்தோம். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் பிரேக் பூஸ்டர் போய்விடும். சாலைச் சரிவு ஏமாற்றாமல் இருக்க இரண்டு திசையிலும் செய்து சராசரி: 290 மீட்டர். அது நல்லதா கெட்டதா என்று ஒப்பிட ஒன்று வேண்டுமே. பக்கத்துத் தெருவில் அதே மாடல் வைத்திருப்பவரைக் கெஞ்சி அவர் வண்டியை ஓட்டினோம். 400-ஐ நெருங்கியது.

வீட்டுக்கு வந்து, பிரேக்கை முடிந்தவரை மிதிக்காமல் நிறுத்திவிட்டு, தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நாலு சக்கரத்தின் ரிம்மிலும் காட்டினேன். மூன்றில் 42, 45, 44. முன் இடது சக்கரத்தில் 118. அப்பா குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "இந்த வாசந்தான் கண்ணு, நான் ரெண்டு வருசமா சொல்றது" என்றார். சொல்லியிருக்கிறார். இடது பக்கம் இழுக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் அலைன்மென்ட் செய்தார்கள்.

நாலு மாதம் ஒரே இடத்தில் நின்றதில் முன் இடது பிரேக் காலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகிவிட்டன. பிரேக்கை விட்டாலும் பேட் டிஸ்க்கை விடுவதில்லை. உருண்ட தூரங்களை வைத்துக் கணக்கு போட்டால், ஆட்களோடு சேர்த்து 980 கிலோ எடைக்கு அந்தச் சக்கரத்தின் கூடுதல் இழுவை சுமார் 57 நியூட்டன் வருகிறது. கையால் தள்ளினால் ஆறு கிலோவுக்குக் கீழே, பெரிய விஷயமாகத் தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 950 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியை முன் சக்கரத்தில் கட்டி, ஸ்விட்ச் போட்டு, உடுமலை வரை போய் வருவதற்குச் சமம். இந்த அளவு சின்ன வண்டி சமதளத்தில் அந்த வேகத்தில் தாண்ட வேண்டிய மொத்தத் தடையே இருநூறு நியூட்டன் சொச்சம் என்பதால், 15 சதவீதம் எங்கே போனது என்பது நன்றாகவே பொருந்துகிறது. எந்தக் கோடும் இதைக் காட்டியிருக்காது. எஞ்சினைப் பொறுத்தவரை எல்லாம் சரி, அது மேடு ஏறுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

மலையில் திணறியதை மட்டும் இந்த 57 நியூட்டன் முழுதாக விளக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் வண்டியின் எடையே பல நூறு நியூட்டன் பின்னால் இழுக்கும். ஆனால் காலிப்பர் சூடாகச் சூடாக இன்னும் இறுகும், நாலு பேர் எடை வேறு, பெரிய டயரால் கியர் விகிதமும் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். சரிசெய்த பிறகு அதே நாலு பேரோடு கவியருவி தாண்டிப் போனோம், செகண்ட் கியரில் பேச்சு சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதியாக ஏறியது.

சரிசெய்தது ஆனைமலை ரோட்டில் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக். காலிப்பரைக் கழற்றி, பின்களைத் தேய்த்து, கிரீஸ் போட்டு, ரப்பர் கிட் மாற்றி, பேட் மாற்றி, புது தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட் நிரப்பி மொத்தம் மூவாயிரத்துக்குக் கீழே. தெர்மோஸ்டாட் போடும்போது அவருக்கும் மனசில்லை. "சூடேறுச்சுன்னா என்னைச் சொல்லக்கூடாதுங்க தம்பி" என்று மூன்று முறை சொன்னார். சொல்ல மாட்டேன் என்று மூன்று முறையும் வாக்கு கொடுத்தேன். அதோடு, கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நீங்கள் எதுவும் வாங்கவில்லையே என்று முந்நூறு ரூபாய் தனியாக நீட்டினேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. கண்டுபிடித்தது நீங்கதானே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது மூன்று டாங்க் ஆகிவிட்டது. சராசரி 14.2. டயர் பிசகைத் திருத்தினால் 14.6. பழைய 15.4-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுமார் 5 சதவீதம், அதை ஈ20 கணக்கில் எழுதிவிட்டேன். உருளும் தூரம் 395 மீட்டர். மாதம் ஒன்பது லிட்டர் மிச்சம். வெப்பமுள் நடுவில் நிற்கிறது. அதைப் பார்த்து அப்பா முதல் வாரம் முழுக்கப் பயந்தார்.

கிளட்ச் விஷயத்துக்கு அவரிடம் மன்னிப்பு கேட்டேன். "அது விடு" என்று நோட்டை எடுத்து, பென்சிலில் "தெர்மோஸ்டாட், மு.இடது பிரேக்" என்று எழுதினார். பழைய பிரேக் ஹோஸ் உள்ளே ஊதியிருந்தால் இதே கோளாறு திரும்ப வரலாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அதை அடுத்த மாதம் மாற்ற வேண்டும்.

நேற்று ஃபோன் செய்தார். நாலாவது டாங்க்கில் 13.7 தான் வந்ததாம். ஒரு டாங்க்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அளவுப் பிழையாக இருக்கும் என்றேன். "அப்படியா? டிரைவர் சரியில்லையோன்னு நினைச்சேன்" என்றார். ஐந்தாவது டாங்க் கணக்கு வந்ததும் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.